படகுக்காரி ஏன் அரண்மனைக்குப் போக வேண்டும்?

சரித்திர நாவல் கேட்டு வருகிறவர்கள் கையோடு ஒரு கேள்வியும் கொண்டு வருவார்கள்: "முடிவுல ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்களா?" திருச்சியில் என் பெரியம்மா வீட்டு முன்னறையில் வாடகை நூல் நிலையம் நடத்தினார். விடுமுறை நாட்களில் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதுவது என் வேலை. அந்தக் கேள்விக்கு மட்டும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை. "சொல்லிட்டா புஸ்தகத்த எடுக்காமப் போயிடுவாங்கடி" என்பார். வியாபாரம் அப்படி.

வார இதழ்களில் வந்த தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, படங்களோடு பைண்டு செய்த தடித்தடியான தொகுதிகளுக்கு அங்கே தனி அலமாரி உண்டு. எந்தப் பக்கங்களை அதிகம் பேர் படித்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடலாம். ஓரம் கறுத்து, தாள் துவண்டு போயிருக்கும். போர்க்களப் பக்கங்கள் பெரும்பாலும் மொடமொடவென்று புதிதாகவே இருக்கும். ராஜதந்திரம் பேசும் பக்கங்களும் அப்படித்தான்.

'பொன்னியின் செல்வன்' தொகுதிகளில் துவண்டு போனவை பூங்குழலி வரும் இடங்கள். 1950 முதல் 1954 வரை வெளிவந்த அந்தத் தொடரில் இளவரசிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் கோடிக்கரையில் படகு விடும் பெண்ணைத்தான் வாசகிகள் திரும்பத் திரும்பத் தேடிப் போயிருக்கிறார்கள். புயலில் மரத்துண்டைப் பிடித்துக்கொண்டிருந்த இளவரசனைக் காப்பாற்றுவது அவள் படகு. காய்ச்சலில் கிடந்தவனை ஓடை வழியாக நாகப்பட்டினம் கொண்டு சேர்ப்பதும் அவள்தான். அரண்மனைப் பெண்களிடம் வெடுக்கென்று பேசுவாள். அருள்மொழிவர்மன் தனக்குக் கிடைக்க மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் படிக்கிறோம்.

அதற்கு முன்பே, 1944-ல் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' இதைவிட நேரடியாகவே ஏற்றத்தாழ்வுக் காதலை எடுத்துக்கொண்டது. சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி நடனக்காரி, மாமல்லர் பல்லவ நாட்டுப் பட்டத்து இளவரசர். நான்கு பாகம் முழுக்க அவர்களைச் சேர விடாமல் தடுப்பது வில்லன் மட்டுமில்லை. ராஜ்யத்துக்கு ஏற்ற மருமகள் பாண்டிய நாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று நினைக்கிற அப்பா மகேந்திரவர்மரும்தான். அவர் கெட்டவர் இல்லை, கலைஞர், சிவகாமியின் நடனத்தை மனதாரப் பாராட்டுகிறவர். மருமகளாக மட்டும் வேண்டாம். இந்த வகை அப்பாவை நமக்கு நன்றாகவே தெரியும்.

பெரியம்மாவிடம் அந்தத் தொகுதியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போகிற ஒரு மாமி இருந்தார். சிவகாமி வாதாபியிலிருந்து திரும்பி வந்து, மாமல்லருக்கு மனைவியும் குழந்தைகளும் இருப்பதைப் பார்க்கிற இடத்தைச் சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைக்கும். அதே மாமி, தன் மகள் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டபோது வெகு நாள் அவள் முகத்தில் விழிக்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த நாவல்களைப் படித்தால் மனசு விரிந்துவிடும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்த மாமி ஞாபகம் வந்துவிடும்.

சரித்திரம் என்ற தூரம் இங்கே ஒரு வேலை செய்கிறது. பக்கத்துத் தெருப் பெண் எதிர்வீட்டு மாடிக்காரர் மகனைக் காதலித்தால் நமக்கு அந்தக் குடும்பங்களின் சாதி தெரியும், சொத்து தெரியும், யார் யார் அரிவாள் எடுப்பார்கள் என்பதும் தெரியும். ஆணவக் கொலைச் செய்திகளை இன்றைக்கும் காலைச் செய்தித்தாளில் படிக்கிற ஊர் இது. ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சி என்றால் அந்தக் கணக்கு எதுவும் போட வேண்டாம். சாதி என்று சொல்லாமல் 'குலம்' என்று சொல்லிவிடலாம். இளவரசன், சிற்பி மகள் என்று தொழிலை வைத்துப் பிரித்துவிட்டால் வாசிக்கிறவருக்கு எங்கேயும் உறுத்தாது. நம் சரித்திர நாவல்களின் கவர்ச்சியில் பாதி இந்த வசதியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கல்லூரியில் ஆங்கில நாவல்கள் கைக்கு வந்தபோது முதலில் ஆச்சரியப்படுத்தியது அதிலிருந்த பணக்கணக்கு. 1813-ல் வந்த 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் டார்சி அறைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. 1847-ல் வந்த 'ஜேன் ஐர்' கதாநாயகி வேலைக்கு வந்த வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தர ஆண்டுக்கு 30 பவுண்டு வாங்குகிறாள். முன்பு வேலை பார்த்த பள்ளியில் அதில் பாதிதான். நம் சரித்திர நாவல்களில் பூங்குழலிக்கு ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொன்னதில்லை. அங்கே முதல் அத்தியாயத்திலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் ஒருத்தி 'மாட்டேன்' என்று சொன்னால், எதை வேண்டாம் என்கிறாள் என்பது வாசகருக்குச் சரியாகப் புரிகிறது. டார்சியின் முதல் திருமணக் கோரிக்கையைக் கதாநாயகி எலிசபெத் மறுப்பது, 10,000 பவுண்டு என்று தெரிந்திருப்பதால்தான் அவ்வளவு இனிக்கிறது.

இந்த 'மாட்டேன்' சொல்லும் உரிமைதான் இந்த வகை நாவலின் உயிர் என்று பிறகு புரிந்தது. எல்லா நாவலும் அதைக் கொடுப்பதில்லை. சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740-ல் எழுதிய 'பமேலா' நாவலில் வேலைக்காரப் பெண்ணை எஜமானன் துரத்துகிறான், வேறொரு வீட்டில் அடைத்து வைக்கிறான், அவள் மசியவில்லை என்றதும் கல்யாணம் செய்துகொள்கிறான். அன்றைக்கு அது ஊரே பேசிய புத்தகம். மறு ஆண்டே ஹென்றி ஃபீல்டிங், அந்தப் பெண் திட்டம் போட்டே அவனைப் பிடித்தாள் என்பது போல ஒரு கேலிப் புத்தகம் எழுதினார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. வேலையை விட்டுப் போகக் கூட வழியில்லாத பெண்ணிடம் காட்டுகிற ஆசையைக் காதல் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இன்றைக்கும் 'ஜமீன்தாரும் வேலைக்காரியும்' பாணிக் கதையைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு எங்கே போவாள்? பதில் கதைக்குள் இருந்தால் தொடர்ந்து படிப்பேன். ஜேன் ஐர் கிளம்பிப் போகிறாள், பட்டினி கிடக்கிறாள், ஆனாலும் கிளம்பிப் போகிறாள்.

ஆனால் அங்கேயும் ஒரு தந்திரம் உண்டு. ஜேனுக்குத் திடீரென்று சித்தப்பா சொத்து 20,000 பவுண்டு வந்து சேர்கிறது. அதை உறவினர்களோடு நான்காகப் பிரித்துக்கொண்டு, கையில் 5,000 பவுண்டோடு திரும்பி வந்து, தான் விட்டுப் போன அந்த வீட்டு எஜமானனையே கல்யாணம் செய்கிறாள். ஜூலியா க்வின் 2001-ல் எழுதிய பிரிட்ஜர்ட்டன் வரிசை நாவலில் பணிப்பெண்ணாக இருக்கும் சோஃபி உண்மையில் ஒரு பிரபுவின் மகள், முறைப்படி பிறக்காதவள், அவ்வளவுதான். நம்ம பக்கம் வந்தால் பூங்குழலி கடைசியில் ஏற்றுக்கொள்ளும் பூக்காரன் சேந்தன் அமுதன்தான் அசல் சோழ இளவரசன் மதுராந்தகன் என்று தெரிந்து உத்தம சோழனாக முடிசூடுகிறான், படகுக்காரி ராணியாகிவிடுகிறாள். நாட்டார் கதைகளும் இதற்கு விலக்கில்லை. தோல் தொழிலாளி தம்பதி வளர்த்த மதுரை வீரன் பொம்மியைத் தூக்கிக்கொண்டு போனதை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமே, அதனால் அவன் காசி ராஜாவின் பிள்ளை, ஜாதகக் கோளாறால் காட்டில் விடப்பட்டவன் என்று கதை ஒரு பிறப்பு ரகசியத்தைக் கொண்டு வந்து வைக்கிறது.

பிறப்பு ரகசியம் வந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன் என்று சொன்னால் பொய். முழுசாகப் படிப்பேன். ஆனால் அதுவரை எழுதியதையெல்லாம் ஆசிரியரே அழித்துவிட்ட மாதிரி ஓர் எரிச்சல் வரும். 'பூக்காரனைக் கட்டிக்கொள்வது தப்பில்லை' என்று நம்ப வைத்துவிட்டு, 'கவலைப்படாதீர்கள், அவன் பூக்காரன் இல்லை' என்று முதுகில் தட்டினால் எப்படி?

இதெல்லாம் வாசகியாக இருந்தபோது. நானே ஒரு தொடர் எழுத ஆரம்பித்தபோதுதான் வேறொன்று பிடிபட்டது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த கடைசிக் காலம் என் கதைக்களம். 1620-ல் வந்து கோட்டை கட்டியவர்கள் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அந்தக் கடைசி ஆண்டுகளில் ஒரு துபாஷி (வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவர்) குடும்பத்துப் பையனுக்கும் கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீனவக் குப்பத்துப் பெண்ணுக்கும் காதல் என்று வைத்திருந்தேன். பையன் வீட்டாரின் எதிர்ப்புக்கு அத்தியாயம் அத்தியாயமாக வசனம் தயார். பெண்ணுக்கு வேண்டியதெல்லாம் தைரியம் ஒன்றுதான் என்பது போலக் கதை போய்க்கொண்டிருந்தது.

ஊரைப் பார்க்கலாம் என்று போனேன். கோட்டைக்கு வடக்கே கரையோரம் ஓர் அம்மா கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். கதையைச் சொன்னேன். பெரிய வீட்டுப் பையன், எதிர்ப்பையெல்லாம் மீறி மீனவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான்.

"அங்க போயி அவ என்னம்மா பண்ணுவா?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. வசதியா இருப்பா."

"சும்மாவா குந்தியிருப்பா?" காக்கையை ஒரு கையால் விரட்டிவிட்டுச் சொன்னார்: "இங்க மீன் வித்த காசு எங் கையிலதான் நிக்கும். வலைக்கு எவ்ளோ, டீசலுக்கு எவ்ளோ, சீட்டுக்கு எவ்ளோன்னு பிரிச்சுக் குடுக்குறது நானு. எங்க வூட்டுக்காரரு டீ குடிக்கக்கூட எங்கிட்டதான் கேப்பாரு. அங்க போயி அந்தப் பொண்ணு யாருகிட்ட கேக்கும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இதே பேச்சு ஏறக்குறைய 2000 ஆண்டுக்கு முன்னாலேயே பதிவாகியிருக்கிறது என்பது திரும்பி வரும் பேருந்தில் நினைவு வந்தது. நற்றிணை 45-ஆம் பாட்டு. தேரில் வருகிற செல்வன் வீட்டுப் பிள்ளை ஒருவன் பரதவர் மகளை விரும்புகிறான். தோழி அவனை நிறுத்திப் பேசுகிறாள். இவள் கடலைக் கலக்கி மீன் பிடிக்கிறவர்களின் மகள், நீயோ கொடி பறக்கும் கடைத்தெரு உள்ள மூதூரில் தேர் வைத்திருக்கும் செல்வரின் அருமை மகன். சுறா மீனை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிற எங்களுக்கு இந்த அழகெல்லாம் எதற்கு? எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில்லுங்கள். கடல் தரும் விளைச்சலில் வாழும் எங்கள் சிறிய நல்ல வாழ்க்கை உங்களுடையதோடு ஒப்பிடக்கூடியது இல்லை. எங்கள் ஆட்களிலும் தலைமகன்கள் உண்டு.

பள்ளியில் படித்தபோது இது அடக்கம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இன்று அடக்கமாகப் படவில்லை. 'நாறுதும்' என்று தன்னைத் தாழ்த்துவது போல ஆரம்பிக்கிறவள், கடைசி வரியில் அவன் தேரையே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறாள். அந்த வாழ்க்கையைச் 'சிறிய' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் 'நல்ல' என்றும் சொல்கிறாள் பாருங்கள். இந்தக் காதல் கதைகளின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். கீழே இருப்பதாக நாம் நினைக்கிற ஆளிடம், விட்டுப் போனால் வலிக்கிற ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும். பூங்குழலிக்குப் படகு இருந்தது, சிவகாமிக்கு நடனம் இருந்தது. எதுவுமே இல்லாத ஏழைப் பெண் ஜமீன் மாளிகைக்குள் போவதில் மேலே தூக்கிவிடுகிற சுகம் மட்டும்தான். இரண்டாவது தடவை படிக்கும்போது அது நிற்பதில்லை.

வீடு வந்ததும் தொடரில் இருந்த பெண்ணுக்கு ஒரு கணக்கு எழுதினேன். காலையில் எத்தனை கூடை, எந்தச் சந்தை, யாரிடம் கடன், திருமணமாகிப் போனால் அம்மாவுக்கு யார் துணை, சந்தையில் அவள் உட்காரும் இடம் யாருக்குப் போகும். பையனுக்கும் அதே மாதிரி எழுதினேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, அவன் இழப்பதாக நான் வசனம் எழுதியிருந்ததெல்லாம் மானம், மரியாதை என்று காற்றில் இருந்த விஷயங்கள். கையில் இருந்த எதையும் அவன் கொடுக்கவே இல்லை. கதை எழுதுகிற தோழிகளுக்கு நான் இப்போது சொல்வது இந்த ஒரு பயிற்சியைத்தான். வசனத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரு பக்கக் கணக்கு போடுங்கள். ஒருவர் பக்கம் காலியாக இருந்தால் கதை அங்கேதான் இடிக்கிறது.

மேலே இருக்கிறவன் நிஜமாகவே கொடுக்கிற கதை வேண்டுமென்றால் தமிழில் முத்துப்பட்டன் கதைக்கு ஈடு நான் படித்ததில் இல்லை. நா. வானமாமலை பதிப்பித்த நெல்லைப் பக்கக் கதைப்பாடல் அது. பிராமணன் முத்துப்பட்டன் அருந்ததியர் வீட்டுச் சகோதரிகள் பொம்மக்கா, திம்மக்கா மேல் காதல் கொள்கிறான். பெண்களின் அப்பா வாலப்பகடை ஏமாறுகிறவர் இல்லை. பூணூலை எடு, குடுமியை எடு, எங்கள் தொழிலைக் கற்றுக்கொள், அப்புறம் பார்க்கலாம் என்று நிபந்தனை போடுகிறார். அவன் செய்கிறான். தோல் பதனிட, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு அந்த வீட்டு மருமகனாகிறான். மாமனாரின் மாடுகளைக் கொள்ளையரிடமிருந்து மீட்கப் போய்ச் சாகிறான், பெண்கள் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குகிற குடும்பங்கள் அவனுக்குச் செருப்புகளைக் காணிக்கையாகக் கொண்டு வருகின்றன. பெரிது பெரிதாகத் தைத்த தோல் செருப்புகள் அங்கே தொங்குவதைப் பார்க்கலாம். பூணூலைக் கழற்றி அவன் எடுத்துக்கொண்ட தொழில்தான் அங்கே பூசைப்பொருள்.

இந்தக் கதையின் சில வடிவங்களில் அந்தப் பெண்களும் காட்டில் தொலைந்த பிராமணக் குழந்தைகள் என்று பாடியிருக்கிறார்கள். யாரோ ஒருவருக்குத் தாங்கவில்லை. பிறப்பு ரகசியம் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் கோயிலில் தொங்கும் செருப்புகளை அது ஒன்றும் செய்ய முடியவில்லை.

நிஜ சரித்திரத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஆனால் நாவல் போல இல்லை. திருவாரூர்க் கோயில் கல்வெட்டில் முதலாம் ராஜேந்திர சோழனுடன் பேசப்படுகிறவர் அனுக்கியார், அதாவது அரசருக்கு நெருக்கமானவர், பரவை நங்கையார். பட்டத்து அரசியர் வரிசையில் இல்லாதவர். கோயிலுக்குப் பொன் வேய்ந்தவர். அவரும் அரசரும் சேர்ந்து நின்று வணங்கிய இடம் தெரியும்படி ஒரு விளக்கு வைக்கப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்த அம்மாள் என்ன நினைத்தார், அரண்மனையில் அவரை எப்படி நடத்தினார்கள் என்பதெல்லாம் கல்லில் இல்லை. அங்கே இருந்துதான் நாவலாசிரியருக்கு வேலை.

எழுத விரும்புகிறவர்கள் சட்டத்தைப் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். ஆங்கில நாவல்களில் காதலர்கள் ஏன் ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரை வண்டியில் ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறார்கள் என்று எனக்கு வெகு நாள் புரியவில்லை. 1753-ல் இங்கிலாந்தில் வந்த திருமணச் சட்டம்தான் காரணம். 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. ஸ்காட்லாந்துக்கு அது செல்லாது, எல்லையைத் தாண்டியதும் வரும் கிராமம் கிரெட்னா கிரீன். ஒரு சட்டம் எத்தனை நாவலுக்குக் கதை கொடுத்திருக்கிறது பாருங்கள். அதேபோல 1870, 1882 சட்டங்கள் வரும்வரை அங்கே கல்யாணமான பெண்ணின் பணம் பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். அது தெரிந்தால் பணக்காரப் பெண் ஏழைப் பையனைக் கட்டிக்கொள்ளும் கதையே வேறு மாதிரி படிக்கக் கிடைக்கும். நம் ஊரில் 1872-ல் ஒரு திருமணச் சட்டம் வந்தது. 1923-ல் திருத்தம் வரும்வரை, சாதி தாண்டி அதன்படி பதிவு செய்ய வேண்டுமென்றால் தான் இந்து இல்லை என்பது போல மதத்தை மறுத்து அறிவிக்க வேண்டியிருந்தது. இந்துக்களுக்குள் சாதி கடந்த திருமணங்கள் செல்லும் என்று பொதுச் சட்டம் 1949-ல்தான் வந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாட்டில் சட்ட ஏற்பு கிடைத்தது அண்ணா ஆட்சியில். 1930-களில் நடக்கும் காதல் கதை எழுதுகிறவர், ஜோடி மாலை மாற்றியதும் எல்லாம் சுபம் என்று முடித்தால் பாதிக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். பிள்ளைக்குச் சொத்து வருமா என்ற வழக்கிலேயே இன்னொரு பாகம் இருக்கிறது.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். அவள் அந்த வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறாள் என்பதை எழுதுங்கள். கொல்லைப்புறமா, திண்ணை வரைக்குமா, நடுக்கூடமா? எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுக்கிறார்கள்? கல்யாணத்துக்கு அப்புறம் சமையலறையில் யாருடைய கைப்பக்குவம் செல்லும், மீன் அந்த வீட்டுக்குள் வருமா? என் தொடரில் அதிகம் பேர் பேசியது காதல் வசனத்தைப் பற்றி இல்லை. துபாஷி வீட்டுச் சமையல்காரர் அவளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கிற ஒரு காட்சி. மூன்று வரிதான் எழுதியிருந்தேன். கோபம் கோபமாக எழுதினார்கள். அவன் பார்த்தும் ஏன் சும்மா இருந்தான் என்று கேட்டார்கள். நான் பதில் எழுதாமல், அடுத்த அத்தியாயத்தில் அவளையே அவனிடம் கேட்க வைத்தேன். முதல் தடவையாக அவனை 'நீ' என்று கூப்பிடுகிறாள். நம் பேச்சில் மரியாதை ஏறுவதும் இறங்குவதும் காதல் கதை எழுதுகிறவருக்குக் கிடைத்த வரம். எந்தப் பக்கத்தில் மாறுகிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் கண்ட இடத்தில் வாய் தவறி வந்துவிடும்.

காற்றையும் கடலையும் பற்றி எழுதும்போது கரையில் இருப்பவர்கள் சொல்லைக் கேட்டு எழுதுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாக் காற்றையும் 'தென்றல்' ஆக்கிவிட்டால் படகுக்காரியும் அரண்மனை உப்பரிகையில் நிற்பவளும் ஒரே குரலில் பேசுவார்கள்.

தொடரை எப்படி முடித்தேன் என்றால், அவள் துபாஷி வீட்டுக்குப் போகவில்லை. அவன் வந்தான். குடும்பச் சொத்தில் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, குப்பத்துக்குப் பக்கத்தில் மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதும் வேலைக்கு வந்தான். முதல் மாதம் அவன் கணக்கை அவள் சரிபார்க்கிறாள். பாதிப் பேருக்குப் பிடித்திருந்தது. மீதிப் பேர், "அட, ஒரு பட்டுப்புடவையாவது கட்டிவிட்டிருக்கலாம்" என்று குறைபட்டார்கள். பெரியம்மாவும் அந்த இரண்டாவது கட்சி. "இவ்ளோ தூரம் படிச்சதுக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு போட்டிருக்கலாம்ல" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. மாதக் கணக்கில் கூடவே வந்தவர்களைத் தாலி கட்டும் இடத்துக்குக் கூப்பிடாமல் விட்டால் கோபம் வரத்தான் செய்யும். அடுத்த தொடரில் பந்தி உண்டு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வகையைப் புதிதாகப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் வரிசை கேட்பார்கள். நற்றிணை 45-ஐ முதலில் உரையோடு படித்துவிடுங்கள், பத்து நிமிடம் ஆகாது. அப்புறம் 'ஜேன் ஐர்', சித்தப்பா சொத்தை மன்னித்துவிட்டுப் படிக்கலாம். முத்துப்பட்டன் கதையைத் தனியாகப் படிப்பதைவிட யாராவது வில்லுப்பாட்டாகப் பாடிக் கேட்பது நல்லது, தென்மாவட்டக் கோயில் கொடை விழாக்களில் இப்போதும் வில்லுப்பாட்டுப் பாடுகிறார்கள். பூங்குழலியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஐந்து பாகமும் படிக்க நேரமில்லாதவர்கள் கோடிக்கரை வரும் அத்தியாயங்களை மட்டும் எடுத்தாலும் பரவாயில்லை. 'சிவகாமியின் சபதம்' நான்காம் பாகத்தை மட்டும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய இரவில் தொடாதீர்கள்.